டிக் போட்ட பெட்டி வைத்த பிறகு பார்சல்கள் திரும்பி வருகின்றன – எங்கே தப்பு?

ஜமுக்காளக் கடை:
பவானி ஜமுக்காளமும் சென்னிமலைப் போர்வையும் சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். போன மாசம் சைட்டைப் புதுசாக்கின பையன் மூணு வேலை செஞ்சிருக்கான். பணம் கட்டும் பக்கத்தில் 'பரிசு பேக்கிங் ₹49' ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். மேலே '10 நிமிடத்தில் சலுகை முடிகிறது' என்று கடிகாரம் ஓடும். வாட்ஸ்அப் செய்தி வேண்டாமென்றால் 'எனக்குத் தள்ளுபடி தேவையில்லை' என்பதை அழுத்தணும். ஆர்டர் கூடியது உண்மை. ஆனால் கேஷ் ஆன் டெலிவரியில் வாரத்துக்கு ஏழெட்டு பார்சல் ஆர்.டி.ஓ. ஆகுது (வாங்காம எனக்கே திரும்பி வருது), முன்னே ஒண்ணு ரெண்டுதான். போக வர கூரியர் காசு என் தலையில். கூரியரை மாத்தணுமா?

தறிநாடா:
திருப்பி அனுப்பினவங்களுக்கு போன் போட்டுக் கேட்டீங்களாண்ணா?

ஜமுக்காளக் கடை:
நாலு பேரில் மூணு பேர் ஒரே பாட்டு. "899ன்னு பார்த்தேன், வாசல்ல 948 கேட்டாங்க."

கோடு எழுதுறவன்:
அப்போ கூரியர் மேல பழி இல்லை சார். அந்த டிக்கை அவங்க கவனிக்கவே இல்லை. நீங்க அதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்க. கார்டில் கட்டியிருந்தா முணுமுணுத்துட்டு விட்டிருப்பாங்க. கேஷ்ல வாசலில்தான் முடிவே எடுக்குறாங்க.

இன்னொண்ணு, இது சட்டச் சிக்கலும்கூட. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 'டார்க் பேட்டர்ன்' (வாங்குறவரை ஏமாத்தி இழுக்கும் திரை வடிவமைப்பு) தடுப்பு வழிகாட்டுதலை அறிவித்தது. பட்டியலில் 13 வகை. கேட்காமல் கூடையில் சேர்ப்பது, பொய் அவசரம், மறுப்பவரைக் கூச வைப்பது மூணும் அதில் உண்டு. விற்பனையாளருக்கும் பொருந்தும். யாராவது நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டால் தலைவலி.

எதிர்க்கட்சி:
அப்போ நட்ஜே (கட்டாயப்படுத்தாம ஒரு பக்கம் மெல்லத் தள்ளிவிடுறது) கூடாதா? அந்தக் கருத்தைப் பிரபலமாக்கின ரிச்சர்ட் தேலருக்கு 2017ல் பொருளாதார நோபல் எதுக்குக் கொடுத்தாங்க? உறுப்பு தானத்தில் 'வேண்டாம்னா சொல்லு' முறை இருந்த ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கு மேல சம்மதம், 'வேணும்னா சொல்லு' முறை இருந்த ஜெர்மனியில் 12தான். 2003ல் வந்த ஆய்வு.

கோடு எழுதுறவன்:
அங்கே டிக் போட்டவன் பையில் காசு விழலையே! தவிர, அந்த 99 பேரும் யோசிச்சுச் சொன்னவங்க இல்லை, சும்மா இருந்தவங்களும் சேர்த்தி. வெப்சைட் நம்மைப் பத்தின தகவலை நம்ம பிரவுசரில் சேமிக்கக் கேட்கும் குக்கி பெட்டி ஏற்கெனவே டிக் ஆகியிருந்தா அது சம்மதம் ஆகாதுன்னு ஐரோப்பிய நீதிமன்றமே 2019ல் சொல்லிடுச்சு.

நட்ஜ் வைங்க, ஒளிக்காம வைங்க. யுபிஐயை முதல் வரியில், கேஷை அதுக்குக் கீழே, விலை ரெண்டுக்கும் ஒண்ணு. மொத்தத் தொகையை கூரியர் செலவோட பொருள் பக்கத்திலேயே காட்டுங்க. 'இந்த நிறத்தில் 3 மட்டும்' போடலாம், நிஜமாவே மூணு இருந்தா. ஆர்டர் ஆனதும் கட்ட வேண்டிய தொகையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க.

ஜமுக்காளக் கடை:
ரெண்டு வாரம் ஆச்சு. டிக்கை எடுத்தேன், பரிசு பேக்கிங் கேட்டது இதுவரை மூணே பேர். ஆர்டரும் கொஞ்சம் குறைஞ்சது, மறைக்கலை. திரும்பினது போன வாரம் ரெண்டு, அதில் ஒண்ணு வீடு பூட்டியிருந்தது. கடிகாரத்தை அணைச்சேன், ஆனா என் போனில் இன்னும் ஓடுது!

தறிநாடா:
கேஷை கிளியர் பண்ணிப் பாருங்கண்ணா. நான் சொல்றது பிரவுசர் கேஷ், கல்லாப்பெட்டி இல்லை.