சாட்சி சொல்லப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

மாடிப்படி:
எங்கள் தெருவில் 2019ல் ஒரு செயின் பறிப்பு நடந்தது. வாசலில் நின்றிருந்த நான் கண்ணால் பார்த்தேன். அன்று சாயங்காலமே போலீஸ் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் வருஷக் கணக்கில் பேச்சு மூச்சே இல்லை. திடீரென்று ஒருநாள் ஏட்டு ஒருவர் சம்மனோடு கதவைத் தட்டினார்.

பத்தரைக்கு கோர்ட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். இருந்தேன். வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்ச், அதிலும் இடமில்லை. பக்கத்தில் நின்ற பையன், "அண்ணே, டைம் என்ன?" என்று கேட்டான், சொன்னேன். அவன்தான் இந்தக் கேஸின் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், என்று கோர்ட் கான்ஸ்டபிள் பிறகு சொன்னார். சாட்சிக்கும் எதிரிக்கும் அதே வராண்டா, அதே தண்ணீர்ப் பானை.

அன்றைக்கு மாஜிஸ்திரேட் லீவு, வாய்தா. அடுத்த தடவை வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. அதற்கடுத்து எதிரியைச் சிறையிலிருந்து கொண்டுவர வழிக்காவலுக்கு ஆளில்லை. வேறு கேஸில் அதற்குள் உள்ளே போயிருந்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நாள் சம்பளம் போனது. சாட்சிக்குப் படி கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள்.

ஒருவழியாகக் கூண்டில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என்னுடைய 161 வாக்குமூலத்தை, அதாவது அன்று போலீஸ் விசாரித்து எழுதிக்கொண்டு போனதை, நான் முதல் முறையாகப் படித்தேன். அதில் சாட்சியின் கையெழுத்து இருக்காது, வாங்கவும் கூடாது. போலீஸ் மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சட்டமே வைத்த பாதுகாப்பு அது. நல்லதுதான். ஆனால் வண்டியின் நம்பர் பிளேட் மடக்கியிருந்தது என்று நான் சொன்னது அதில் இல்லை. வண்டி கருப்பு நிறம் என்று நான் சொல்லாதது இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சரியாக அங்கேயே பிடித்தார். "நம்பர் பிளேட் பற்றிப் போலீசில் சொன்னீர்களா?" சொன்னேன் என்றேன். "வாக்குமூலத்தில் இல்லையே?" நான் என்ன பதில் சொல்வது, எழுதியவர் அல்லவா சொல்ல வேண்டும்? தெருவிளக்கு எரிந்ததா, எத்தனை அடி தூரம், அன்று கண்ணாடி போட்டிருந்தீர்களா என்று போய்க்கொண்டே இருந்தது. மாஜிஸ்திரேட் சொல்லச் சொல்ல டைப் ஆனது: "நான் போலீசாருக்கு வேண்டியவன் என்பதால் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல." வக்கீல் அப்படிச் சொன்னதை நான் மறுத்தேன் என்பதைக் கோர்ட் பாஷையில் இப்படி எழுதுகிறார்கள்.

அந்த வக்கீல் மேல் எனக்குக் கோபமில்லை. ஒருவனை ஜெயிலுக்கு அனுப்புவதற்கு முன் என்னைக் குடைந்து பார்க்கத்தான் வேண்டும். ஆறு மாதத்துக்குள் குடைந்திருந்தால் விளக்கு எரிந்ததா என்று எனக்கும் தெளிவாக நினைவிருந்திருக்கும். இத்தனை வருஷம் கழித்துக் கேட்டால் உண்மை பேசுகிறவனும் தடுமாறுவான், பொய் பேசுகிறவனும் தடுமாறுவான். இரண்டு பேரில் யார் யார் என்று மாஜிஸ்திரேட் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பழைய குமாஸ்தா:
சார், நான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். நீங்கள் பட்டது எல்லாருக்கும் நடப்பதுதான். ஒரு நாளைக்குக் கூப்பிடுகிற கேஸ் பட்டியலைப் பார்த்தால் அந்த மாஜிஸ்திரேட் மேல் உங்களுக்கே பரிதாபம் வரும். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987லேயே சொன்னது. இன்னும் அதில் பாதியைக்கூட நாம் தொடவில்லை. பிராசிகியூஷன் பக்கமும் அதே கதை. ஏபிபி என்கிற அரசு உதவி வக்கீல் ஒருவரே இரண்டு கோர்ட்டுக்கு ஓடுவார், உங்கள் கேஸ் கட்டை அன்று காலையில்தான் பிரிப்பார்.

எதிர்த்தரப்பிலும் ஒரு தந்திரம் உண்டு. முதல் விசாரணை முடிந்ததும் "குறுக்கு விசாரணைக்கு டைம் வேண்டும்" என்பார்கள். இடையில் சாட்சியை யாராவது போய்ப் 'பார்த்து' வருவார்கள். திரும்ப வரும்போது அந்தச் சாட்சி பிறழ் சாட்சி. கூண்டில் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு "ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார்" என்றவரைப் பார்த்திருக்கிறேன். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்று, நாடு முழுக்கச் சட்டம் போலவே செல்லும் என்றது. அப்படி ஒரு மனு போடலாம் என்பதை எந்த ஸ்டேஷனிலும் ஒரு சாட்சிக்குச் சொல்லி நான் கேட்டதில்லை.

செல்வி அக்கா:
நீங்கள் எல்லாம் வராண்டாவில் காத்திருந்தீர்கள். என் சித்தி பையன் உள்ளே காத்திருந்தான். அடிதடி கேஸ். ஜாமீன் ஆர்டர் கிடைத்தும் வெளியே வரவில்லை. இரண்டு ஜாமீன்தாரர், அதில் ஒருவர் ரத்த சம்பந்த உறவு என்று நிபந்தனை. சித்தி ஒருவர், சரி. இன்னொருவர்? கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்காருகிற சொந்தமெல்லாம், "போட்டோ ஒட்டிக் கையெழுத்துப் போடணுமா? வேண்டாம்மா" என்று நழுவியது. காசுக்கு ஜாமீன் நிற்கிற ஆட்கள் கோர்ட் வாசலிலேயே வந்து பேசினார்கள். மாட்டினால் புதுக் கேஸ் என்று வக்கீல் தடுத்துவிட்டார்.

இலவச சட்ட உதவி மையத்தில் இருந்த மேடம்தான் வழி சொன்னார். ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே பார்க்கலாம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31ல் போட்ட உத்தரவு. அதைக் காட்டி மனு போட்டதும் சித்தி கையெழுத்தோடு விட்டுவிட்டார்கள். யாருக்காவது தேவைப்பட்டால் 15100க்கு போன் செய்யுங்கள், காசு கிடையாது. 2022 கடைசியில் நாட்டுச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகளாம். அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தால்தான் அது உறைக்கிறது.

பழைய குமாஸ்தா:
மாடிப்படி சார், தீர்ப்பு என்ன ஆச்சு?

மாடிப்படி:
எங்கே சார்! ஐ.ஓ.வை, அதாவது கேஸைப் புலனாய்வு செய்த போலீஸ் அதிகாரியை, கோர்ட்டில் விசாரிப்பது பாக்கி. அவர் மாற்றலாகிப் போய் பிரமோஷனும் வாங்கிவிட்டாராம்.

பழைய குமாஸ்தா:
பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 336வது பிரிவுப்படி, மாற்றலாகிப் போனவருக்குப் பதில் இப்போது அந்தப் பதவியில் இருப்பவரே அவர் தயாரித்த ஆவணங்களைப் பற்றிச் சாட்சி சொல்லலாம். ஆனால் அது 2024 ஜூலை 1ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த விசாரணை பழைய சட்டப்படியே ஓடும். உங்களுடையது அதில்தான் வரும். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் கேஸுக்கென்றே உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரியும், பாருங்கள்.

மாடிப்படி:
பார்த்தேன். அடுத்த மாதம் போட்டிருக்கிறது. 'ஐ.ஓ. விசாரணைக்காக.'