12 அங்குல சப்வூஃபர் இருந்தும் பாஸ் சரியில்லை: 15 அங்குலத்துக்கு மாறலாமா?

சிறுவாணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. 11 அடிச் சுவரில் டிவி, எதிர்ச் சுவரை ஒட்டி மூன்று பேர் உட்காரும் சோஃபா. டெனான் ரிசீவரில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) போட்டிருக்கிறேன். சப்வூஃபர், அதாவது பாஸ் என்கிற அடித்தொனிக்கென்றே உள்ள தனிப் பெட்டி, 12 அங்குலம், போர்ட் (காற்றுத் துளை) உள்ள மாடல், டிவிக்கு இடது மூலையில் இருக்கிறது.

சோஃபாவில் உட்கார்ந்தால் எல்லாப் படத்திலும் ஒரே 'கும்ம்ம்'. எந்த வெடி, எந்த டிரம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓரத்தில் உட்காரும் மனைவிக்கு இன்னும் அதிகம். ஆனால் பையன் ஹால் நடுவில் பாய் போட்டுப் படுத்துப் பார்ப்பான், அவன் இடத்தில் பாஸே இல்லை! சப்வூஃபருக்குச் சக்தி போதவில்லை என்று கடையில் சொன்னார்கள். 15 அங்குலம் வாங்கலாமா? கீழ் வீட்டுப் பெரியவர் ஏற்கெனவே ஒருமுறை மேலே வந்துவிட்டுப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மைக்செட்காரன் எழுதியது:

தம்பி, பணத்தை உள்ளே வையுங்கள். 15 அங்குலம் வாங்கினால் சோஃபாவில் இப்போது கேட்கும் கும் இன்னும் பெரிதாகக் கேட்கும், பையனுக்கு அப்போதும் ஒன்றும் கேட்காது. பெரியவர் மட்டும் அடிக்கடி வருவார்.

நான் கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் கட்டி வளர்ந்தவன். திறந்த வெளியில் பெட்டி எதைக் கொடுக்கிறதோ அதுதான் ஜனங்களுக்குக் கேட்கும். மூடிய ஹாலுக்குள் அப்படி இல்லை, பாஸில் பாதி வேலையைச் சுவர்தான் செய்கிறது. கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். உங்கள் 14 அடி 4.27 மீட்டர். 343-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 40. ஆக, நீளவாக்கில் 40 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரத்தில் அதன் அழுத்தம் உச்சம், நட்டநடுவில் கிட்டத்தட்டப் பூஜ்யம். உங்கள் சோஃபா உச்சத்தில், பையனின் பாய் பூஜ்யத்தில். அகலவாக்கில் இதே கணக்கு 51 ஹெர்ட்ஸ் என்று வரும். அதன் உச்சம் பக்கச் சுவரோரம், அதனால்தான் உங்கள் வீட்டம்மாவுக்குக் கூடுதல் கும். சப்வூஃபரை மூலையில் வைத்திருப்பதால் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் தூண்டுகிறீர்கள்.

இன்னொன்று. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பல வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர். அது கொஞ்சம் அதிர்ந்து பாஸில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் எதையும் விழுங்காது, அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் நம் ஊர் ஹாலில் உச்சமும் பள்ளமும் இன்னும் கடுமை.

முதலில் காசில்லாத வேலை. சோஃபாவைச் சுவரிலிருந்து இரண்டு, இரண்டரை அடி முன்னால் இழுங்கள். மூன்றரை அடிக்குப் போக வேண்டாம், அது அறையின் கால் பங்கு, அங்கே 40-இன் இரட்டிப்பான 80 ஹெர்ட்ஸில் பள்ளம் விழும். அப்புறம் சப்வூஃபரைச் சோஃபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே தூக்கி வையுங்கள். பாஸ் நடமாட்டம் உள்ள ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, டிவி பக்கச் சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் சமமாகக் கேட்கும் இடம்தான் பெட்டிக்கு இடம். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. என் ஊகம், டிவிக்குக் கீழே சுவரின் நடுப்பகுதி நன்றாக வரும். அகலத்தின் நடுவில் வைத்தால் அந்த 51 ஹெர்ட்ஸைப் பெட்டி தூண்டவே முடியாது.

அப்படியும் செலவு செய்தே ஆகவேண்டும் என்று கை அரித்தால், இப்போது இருக்கும் அதே மாடலில் இன்னொன்று வாங்கி, எதிர்ச் சுவரின் நடுவில், சோஃபாவுக்குப் பின்னால் வையுங்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது 40 ஹெர்ட்ஸை ஒன்றையொன்று அடக்கும். ஆடியோ கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். எதிரெதிர்ச் சுவர் நடுவில் இரண்டு வைப்பது அவர் பரிந்துரைத்த அமைப்புகளில் ஒன்று. என்னைக் கேட்டால் இரண்டு 12, ஒரு 15-ஐவிட எப்போதும் மேல்.

ரெண்டாம்தளம் எழுதியது:

மைக்செட் அண்ணன் இடத்தைச் சொல்லிவிட்டார், நான் செட்டிங்கைச் சொல்கிறேன். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபரின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை முழுசாக மேலே ஏற்றிவிடுங்கள், அல்லது எல்எஃப்இ (பெட்டியின் சொந்த கிராஸ்ஓவரை ஒதுக்கிவிடும் நிலை) என்று போட்டிருக்கும் இடத்துக்குத் தள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கிராஸ்ஓவரும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி 80-க்குப் பக்கத்தில் ஓட்டை விழும். ரிசீவரில் உள்ள ஆடிஸி (மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் தானே சரிசெய்யும் வசதி) ஓடிய பிறகு சப்வூஃபர் தூரம் உண்மையைவிடச் சில அடி அதிகமாகக் காட்டும். டேப் வைத்து அளந்து அதைத் திருத்த வேண்டாம், பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்கிடுகிறது.

குறைந்த சத்தத்தில் டிவி பார்க்கும்போதும் கும் என்றால் ஆடிஸியிலேயே இருக்கும் டைனமிக் ஈக்யூவைப் பாருங்கள். அது சத்தம் குறையக் குறைய பாஸை ஏற்றும். அந்த ஏற்றத்தைக் குறைக்கும் ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டை 10 அல்லது 15 ஆக்குங்கள். சீரியலுக்கெல்லாம் அவ்வளவு பாஸ் எதற்கு!

பெரியவர் விஷயத்தில் ஒன்று. பெட்டிக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டால் தரை வழியே இறங்கும் அதிர்வு குறையும். காற்று வழியே போய்க் கான்கிரீட்டை ஆட்டும் 30, 40 ஹெர்ட்ஸை அது தடுக்காது. இரவு பத்துக்கு மேல் சப்வூஃபரைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

சிறுவாணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சோஃபாவை இரண்டடி இழுத்தேன், பெட்டியை டிவிக்குக் கீழே நகர்த்தினேன். இப்போது டிரம் டிரம்மாகக் கேட்கிறது. மனைவி இடத்திலும் கும் பெரிதும் அடங்கிவிட்டது. பையன் இடத்தில் இன்னும் குறைவுதான். ஆடிஸி ஆப்பில் அந்தப் பள்ளத்தை மட்டும் ஏற்றிச் சரிசெய்ய முடியுமா?

மைக்செட்காரன் எழுதியது:

முடியாது. அந்தப் புள்ளியில் நேரே போகும் அலையும் திரும்பி வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும். ஆம்ப்ளிஃபயருக்குத்தான் வீண் திணறல். உச்சத்தை ஈக்யூவால் (ஒவ்வொரு அலைவெண்ணையும் ஏற்றி இறக்கும் வசதி) வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. பாயை மூன்றடி டிவி பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், 40 ஹெர்ட்ஸ் அங்கே ஓரளவு வந்துவிடும்.

இரண்டாவது பெட்டி வாங்கினால் ஒரு விஷயம். பின்சுவர் பிளக்கில் மாட்டியதும் ஒரு 'ம்ம்ம்' கேட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் செட்டாப் பாக்ஸில் இருந்து கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் எர்த் லூப் (இரண்டு எர்த் இணைப்புகளுக்கு இடையே மின்சாரம் ஓடி எழுப்பும் இரைச்சல்) அந்த வழியாகத்தான் வரும். அப்படியும் நிற்கவில்லை என்றால் ரிசீவரையும் இரண்டு சப்வூஃபரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். எர்த் பின்னை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம்.