டிசெபிலிட்டி க்ளெய்ம் முடியும் முன்பே மாநிலம் மாறுகிறோம்: வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ்

கடலோரம் கேட்டது:

வணக்கம். என் கணவர் அமெரிக்கக் கடற்படையில் இருந்தவர், வெளியே வந்து சில வருடம் ஆகிறது. இந்த மார்ச்சில் வி.ஏ.வில் (முன்னாள் படைவீரர் துறை) முதல் டிசெபிலிட்டி க்ளெய்ம் போட்டார், பணியால் வந்த உடல் பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் விண்ணப்பம். முதுகு வலி, காதிரைச்சல், ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) ஆகிய மூன்றுக்கும். இணையதளத்தில் ‘எவிடென்ஸ் கேதரிங்’ என்ற சான்று திரட்டும் கட்டத்திலேயே நிற்கிறது. பாதிப்பை அளக்க வி.ஏ. ஏற்பாடு செய்யும் சி அண்ட் பி மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் யாரும் கூப்பிடவில்லை. ஆறு வாரத்தில் ஹாம்ப்டனைக் காலி செய்துவிட்டு சான் அன்டோனியோ போகிறோம். இரண்டு மூன்று மாதம் வாடகை வீடு, அப்புறம் வி.ஏ. கடனில் (வி.ஏ. உத்தரவாதம் தரும் வீட்டுக் கடன்) சொந்த வீடு என்று திட்டம்.

ஃபைல் டெக்சாஸுக்கு மாற்றலாகி மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்குமா? முகவரியை இப்போதே மாற்றலாமா, போய்ச் சேர்ந்த பிறகா? அவருடைய பிரதிநிதி வர்ஜீனியா டிபார்ட்மென்ட் ஆஃப் வெட்டரன்ஸ் சர்வீசஸ். அவர்களை விட்டுவிட வேண்டுமா? காகித வேலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு எழுதியது:

முதல் பயத்தை விடுங்கள் சகோதரி. ஃபைல் எங்கேயும் போகாது. முன்பு வீரர் குடியிருக்கும் மாநிலத்தின் மண்டல அலுவலகம்தான் க்ளெய்மைப் பார்க்கும், காகிதக் கட்டு ஊர் ஊராக அலையும். 2016-இல் நேஷனல் வொர்க் க்யூ என்ற நாடு முழுவதற்குமான பொது வேலை வரிசை வந்த பிறகு எல்லாம் மின்கோப்பு. எந்த அலுவலகத்தில் ஆள் இருக்கிறதோ அங்கே வேலை போகும். உங்கள் க்ளெய்ம் இப்போதே ரோனோக்கில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. நாளை ஹூஸ்டனிலோ வேக்கோவிலோதான் முடியும் என்றும் இல்லை. பாதிப்பின் அளவைச் சொல்லும் சதவீத அட்டவணையும் இழப்பீட்டுத் தொகையும் மத்திய அரசுடையவை, 50 மாநிலத்திலும் ஒன்றே. இழப்பீடு கணக்காகத் தொடங்கும் மார்ச் தேதியும் மாறாது. அதற்கு முன்பே 21-0966 படிவத்தில் ‘இன்டென்ட் டு ஃபைல்’ (க்ளெய்ம் போடப்போகிறேன் என்ற முன்னறிவிப்பு) கொடுத்து, ஒரு வருடத்துக்குள் க்ளெய்மும் போட்டிருந்தால், அந்தத் தேதியே கணக்கு.

கெட்டுப்போவது தபாலில்தான். வி.ஏ. தன் பதிவில் உள்ள கடைசி முகவரிக்குக் கடிதம் போட்டால் அதன் கடமை முடிந்தது. வீரர் இருக்கும் இடத்தைத் தெரிவிப்பது வீரரின் பொறுப்பு, அவரைத் தேடி வானத்தையும் பூமியையும் புரட்ட வேண்டியதில்லை என்று 1993-இல் ஹைசன் எதிர் பிரவுன் வழக்கில் வெட்டரன்ஸ் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சான்று கேட்டு வரும் கடிதத்துக்கு வழக்கமாக 30 நாள். க்ளெய்ம் மீது வி.ஏ.வின் தீர்ப்புக் கடிதம் வந்தால், முதல் தேதியைக் காப்பாற்றிக்கொண்டு மேல்முறையீடு செய்ய ஒரு வருடம். இந்த நாட்கள் கடிதத்தின் தேதியிலிருந்து ஓடும். அது உங்கள் கைக்கு வந்த நாளை யாரும் பார்ப்பதில்லை.

வி.ஏ. டாட் கவ்வில் உள்ளே போய் ப்ரொஃபைலைத் திறந்தால் அஞ்சல் முகவரி, வீட்டு முகவரி என்று இரண்டு கட்டம் இருக்கும். பலர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இரண்டும் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கிளம்பும் வரை வீட்டு முகவரி ஹாம்ப்டனாகவே இருக்கட்டும், பரிசோதனை எந்த ஊரில் என்பதற்கு அது முக்கியம். அஞ்சல் முகவரியைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள். சான் அன்டோனியோவில் வீடு உறுதியாகவில்லை என்றால், நம்பிக்கையான உறவினர் வீடோ தபால் பெட்டியோ போதும். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகும்போது இதே வேலை இன்னொரு முறை வரும். தபால்துறையிலும் முகவரி மாற்றம் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அது தபால்துறை வழியாக வருவதை மட்டும்தான் திருப்பிவிடும். ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். கூரியரில் வரும் உறை பழைய வாசலிலேயே கிடக்கும். வாரம் ஒரு முறை க்ளெய்ம் நிலைப் பக்கத்தையும் திறந்து பாருங்கள், தீர்ப்புக் கடிதத்தை அங்கேயே இறக்கிக்கொள்ளலாம்.

ஓய்வூதியம் வாங்கும் வீரராக இருந்தால் டீர்ஸிலும் (ராணுவத்தின் தகுதிப் பதிவேடு) டி.எஃப்.ஏ.எஸ்.ஸிலும் (ஓய்வூதியம் அனுப்பும் ராணுவக் கணக்கு அலுவலகம்) தனித்தனியாக மாற்ற வேண்டும். வி.ஏ.வில் மாற்றியது அங்கே போகாது.

அளவுகோல் எழுதியது:

கோப்புக்கட்டு சொன்னது முழுக்க சரி. நான் பரிசோதனையைப் பற்றி மட்டும் சொல்றேன். ஊர் மாறும்போது க்ளெய்ம் சறுக்குற இடம் அதுதான்.

சி அண்ட் பி பெரும்பாலும் வி.ஏ. ஆஸ்பத்திரியில் நடக்காது. க்யூ.டி.சி., வி.இ.எஸ்., ஆப்டம்சர்வ், லாயல் சோர்ஸ் ஆகிய ஒப்பந்த நிறுவனங்கள்ல ஒண்ணு கூப்பிடும். தெரியாத நம்பர்ல வரும், விளம்பர அழைப்புன்னு நினைச்சு துண்டிச்சிடாதீங்க. வாய்ஸ்மெயில் பெட்டி நிரம்பாம பாத்துக்கோங்க. வி.ஏ. அனுப்புற கோரிக்கையில அன்னைக்கு பதிவில் இருந்த முகவரிதான் நிறுவனத்துக்குப் போகும். கோரிக்கை போன பிறகு நீங்க ப்ரொஃபைலை மாத்தினா அந்த மாற்றம் அவங்களை எட்டும்னு நம்பியிருக்கக் கூடாது. நிறுவனத்துக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லணும்.

மூணு நோய்க்கும் ஒரே டாக்டர் பாக்க மாட்டார். செவித்திறனை மாநில உரிமம் உள்ள ஆடியாலஜிஸ்ட்தான் சோதிக்கணும். முதுகை வேறொருத்தர் பாப்பார், கோணமானி வச்சு எத்தனை டிகிரி குனிய முடியுது, எங்க வலி ஆரம்பிக்குதுன்னு அளப்பார். அதனால ரெண்டு மூணு தேதி, ரெண்டு மூணு இடம் வரலாம். ஒண்ணு வர்ஜீனியாவுலயும் இன்னொண்ணு டெக்சாஸ்லயும் நடந்தா ஒரு குறையும் இல்ல, அறிக்கைகள் ஒரே மின்கோப்புக்குத்தான் போகுது. கிளம்புறதுக்கு முன்னாடி கிடைக்கிற தேதியை விடாதீங்க.

ஒத்துக்கிட்ட தேதியை ஒரே ஒரு தடவைதான் மாத்த முடியும், அதுவும் முதல் தேதியிலிருந்து 5 நாளுக்குள்ள. லாரி ஏத்துற வாரத்துல இந்த 5 நாள் எதுக்கும் உதவாது. ஆகவே முடியாத தேதின்னா ஒத்துக்கவே கூடாது. போகாம விட்டா என்ன ஆகும்னு கூட்டாட்சி விதித் தொகுப்பு 38-இல் 3.655 பிரிவு சொல்லுது. முதல் க்ளெய்ம்னா கோப்புல இருக்கிற சான்றை மட்டும் வச்சு முடிவு பண்ணுவாங்க. ஏற்கெனவே கிடைச்ச சதவீதத்தை உயர்த்தக் கேட்ட க்ளெய்ம்னா நேரா நிராகரிப்பு. நோய், ஆஸ்பத்திரி அனுமதி, நெருங்கிய குடும்பத்தில் மரணம் போன்றவைதான் அங்க நல்ல காரணம்னு எழுதியிருக்கு. வீடு மாறினோம்ங்கறதை அப்படியே ஏத்துக்குவாங்கன்னு இருக்காதீங்க.

ஸ்லீப் ஆப்னியாவுக்கு ஸ்லீப் ஸ்டடி இல்லாம நோயறிதல் நிக்காது. அது ஹாம்ப்டன் வி.ஏ.விலோ, அவங்க கொடுத்த கம்யூனிட்டி கேர் பரிந்துரையிலோ (வெளி டாக்டர்கிட்ட அனுப்புறது) இன்னும் நடக்கலைன்னா, கிளம்புறதுக்குள்ள முடிச்சிடுங்க. பரிந்துரை அந்தந்த ஆஸ்பத்திரியோடது. சான் அன்டோனியோவில் ஆடி மர்ஃபி ஆஸ்பத்திரியில புது டாக்டர் பாத்து, புதுசா பரிந்துரை எழுதி, திரும்ப வரிசையில நிக்கணும். வி.ஏ. மருத்துவப் பதிவு தேசம் முழுக்கத் தெரியும், அதைச் சுமக்க வேண்டாம். தனியார் டாக்டர் பதிவுதான் கவலை. 21-4142, 21-4142ஏ படிவத்துல சம்மதம் கொடுத்தா அந்தப் பதிவை வி.ஏ.வே டாக்டர்கிட்ட கேட்கும். ஆனா ஒரு தடவை கேட்டு, பதில் வரலைன்னா இன்னொரு தடவை நினைவூட்டிட்டு அதோட விட்டுடலாம். ஊர்ல இருக்கும்போதே கிளினிக் போய் நகல் வாங்கி நீங்களே ஏத்துறது எவ்வளவோ மேல்.

ஒப்பந்த நிறுவனப் பரிசோதனைக்குப் பயணப்படி தானா வரும், விண்ணப்பம் வேண்டாம். வி.ஏ. ஆஸ்பத்திரியில நடந்தா மட்டும் 30 நாளுக்குள்ள நீங்க கேட்கணும், மைலுக்கு 41.5 சென்ட்.

கையொப்பம் எழுதியது:

பிரதிநிதி விஷயம். பிரதிநிதியை நியமிக்கும் 21-22 படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வி.ஏ.விடம் பேசலாம், கோப்பைப் பார்க்கலாம். மாநிலம் மாறியதால் அந்தப் படிவம் தானாக ரத்தாகாது. புதிய 21-22 கொடுத்த கணம் பழையது போய்விடும், ஒரே க்ளெய்முக்கு இரண்டு பேரை வைத்துக்கொள்ள முடியாது. டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ., அமெரிக்கன் லீஜியன் போன்ற தேசிய முன்னாள் வீரர் அமைப்பு என்றால் மாற்றவே வேண்டாம், சான் அன்டோனியோவில் இருக்கும் அவர்களுடைய ஆளைப் பார்த்தால் போதும். உங்களுடையது வர்ஜீனியா அரசுத் துறை. என் கருத்து: பரிசோதனை முடிந்து முடிவு நெருங்குகிறது என்றால் இப்போது கை வைக்காதீர்கள். ‘நாங்கள் போன பிறகும் போனில் தொடர்வீர்களா’ என்று அந்த அலுவலரிடமே கேளுங்கள். தொடர மாட்டோம் என்றால் அந்த மாநில அரசின் டெக்சாஸ் வெட்டரன்ஸ் கமிஷனுக்குப் புதிய படிவம் கொடுங்கள். அதற்கு முன் ஹாம்ப்டனில் கொடுத்த எல்லாக் காகிதத்தின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கீகாரம் பெற்ற இந்த அமைப்புகள் காசு வாங்காது. முதல் க்ளெய்முக்கு யாரும் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. ‘புது மாநிலம், நாங்கள் முடித்துத் தருகிறோம், கிடைப்பதில் பங்கு கொடுங்கள்’ என்று வரும் நிறுவனங்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. காகித வேலை உங்களுடையது என்கிறீர்கள். மனைவி என்றாலும் வி.ஏ.வின் தொலைபேசி எண் 1-800-827-1000-இல் உங்களிடம் கோப்பு விவரம் சொல்ல மாட்டார்கள். 21-0845 படிவத்தில் கணவர் கையெழுத்திட்டு உங்கள் பெயரைக் கொடுத்தால் சொல்வார்கள். தகவல் பெற மட்டுமே அது, அவருக்காக நீங்கள் எதையும் மாற்ற முடியாது. பயணத்துக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

கடலோரம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சொல்லி வைத்த மாதிரி இன்று காலை அழைப்பு வந்துவிட்டது. முதுகுக்கு நாங்கள் கிளம்புவதற்கு எட்டு நாள் முன்பு தேதி, அது ஒத்துவரும். காதுக்குக் கிளம்பிய மறுநாள் கொடுக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டோம். இன்னொரு கேள்வி: க்ளெய்ம் முடியாமல் வீடு வாங்கினால் ஏதாவது நஷ்டம் உண்டா?

அளவுகோல் எழுதியது:

இன்னைக்கே திரும்பக் கூப்பிடுங்க. முன்னாடி ஏதாவது தேதி இருக்கான்னு முதல்ல கேளுங்க. இல்லைன்னா, ‘பரிசோதனைக்கு வரத் தயார், ஆனா இந்தத் தேதியிலிருந்து இருப்பிடம் சான் அன்டோனியோ, அங்க போடுங்க’ன்னு புது முகவரியோட சொல்லுங்க. ‘வேண்டாம்’, ‘முடியாது’ன்னு மொட்டையா சொல்லாதீங்க, அது மறுத்துட்டார்னு பதிவாகக் கூடாது. பேசினவர் பெயர், நேரம், அவர் சொன்ன பதில் மூணையும் குறிச்சு வைங்க. அங்க போட முடியாதுன்னா கோரிக்கையை வி.ஏ.வுக்குத் திருப்பி அனுப்பிடலாம். அப்ப கணவரே 1-800-827-1000-க்குப் பேசி, 21-4138 என்ற வாக்குமூலப் படிவத்தில் நாலு வரி எழுதி க்ளெய்ம் பக்கத்துலயே ஏத்திடணும்: எந்தத் தேதி கொடுத்தாங்க, ஏன் முடியலை, எந்தத் தேதியிலிருந்து எந்த முகவரியில் வரத் தயார். முடிவு எழுதுறவர் கண்ணுல படுறது அந்தக் காகிதம்தான், போன் பேச்சு இல்ல.

கோப்புக்கட்டு எழுதியது:

வீட்டுக் கடன் பற்றி. வி.ஏ. கடனில் ஃபண்டிங் ஃபீ என்று ஒன்று உண்டு. முதல் முறை, முன்பணம் இல்லாமல் வாங்கினால் கடனில் 2.15 சதவீதம். 3,50,000 டாலர் கடனுக்கு 7,525 டாலர். டிசெபிலிட்டி இழப்பீடு வாங்குபவருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. 10 சதவீதம் கிடைத்தாலே போதும். பூஜ்ய சதவீதம் என்று வந்தால் பணம் வராது, விலக்கும் வராது. பத்திரம் முடியும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டால், வி.ஏ. கடனுக்கான தகுதிச் சான்றிதழைப் புதிதாக எடுத்துக் கடன் கொடுப்பவரிடம் கொடுங்கள். பழைய சான்றிதழில் விலக்கு இருக்காது. தீர்ப்பு பிறகு வந்து, அதன் அமல் தேதி கடன் முடிந்த நாளுக்கு முன்னதாக இருந்தால், கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்களுக்கு மார்ச் என்பதால் பொருந்தும். வி.ஏ. மண்டலக் கடன் மையத்தையோ கடன் கொடுத்தவரையோ கேளுங்கள். இதற்காகக் கையெழுத்துப் போட்ட இறுதிக் கணக்குத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

டெக்சாஸ் சொத்து வரி வேறு கதை. சலுகை தீர்ப்புக் கடிதம் வந்த பிறகுதான். 10 முதல் 29 சதவீதம் வரை 5,000 டாலர், 30 முதல் 49 வரை 7,500, 50 முதல் 69 வரை 10,000, 70 முதல் 99 வரை 12,000. இது வரியில் கழிவதல்ல, வீட்டின் மதிப்பில் கழிவது, ஆகவே சிறு தொகைதான். 100 சதவீதம் வந்தால் குடியிருக்கும் வீட்டுக்கு வரியே இல்லை. விண்ணப்பம் சான் அன்டோனியோ வீடுகளுக்கு மதிப்புப் போடும் பெக்ஸார் கவுன்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில். பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஹேஸல்வுட் என்ற டெக்சாஸ் கட்டண விலக்கு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், பணியில் சேரும்போது உங்கள் கணவர் டெக்சாஸ்காரராகவோ டெக்சாஸில் சேர்ந்தவராகவோ இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இப்போது குடிபோவது அதற்குக் கணக்கில் வராது.

வங்கிக் கணக்கையும் மாற்றுவதாக இருந்தால், புதிய கணக்கில் வி.ஏ. பணம் ஒரு முறையாவது விழும் வரை ஹாம்ப்டன் கணக்கை மூடாதீர்கள்.