உப்புவெளிச் சொந்தங்கள்: சனிக்கிழமைச் சிரமதானம்

ரவி அண்ணா: சனி காலை 6 மணிக்குக் கடற்கரைச் சிரமதானம். மண்வெட்டி, சாக்கு இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். போத்தல், அறுந்த வலை எல்லாம் பொறுக்கிவிட்டு, அடம்பன் கொடியையும் இராவணன் மீசை என்ற முள்ளுப் புல்லையும் செருக்கி எடுத்தால் கரை வடிவாக இருக்கும்.

சுமதி, லிவர்பூல்: அண்ணா, கொடியில் மட்டும் கை வைக்காதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

ரவி அண்ணா: மீசை முள்ளு சின்னதுகளின் காலில் குத்துகிறதே பிள்ளை.

சுமதி, லிவர்பூல்: நடக்கிற பாதையில் இருப்பதை மட்டும் ஒதுக்குங்கள். இங்கே போர்ம்பி கரையில் மணற்குன்றுகளைக் கட்டி வைத்திருப்பது மாரம் என்ற புல். மேலே மணல் விழ விழ, அதையும் துளைத்துக்கொண்டு வளரும். ஒரு இலையை விரித்துப் பார்த்தேன். வெளிப்பக்கம் மினுமினுப்பு, உள்ளே வரிவரியாக மேடும் பள்ளமும், நுண்ணிய மயிரும். வெயில் காய்ந்தால் உட்பக்கமாகச் சுருண்டு ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்.

சின்ன மாமி: நம் மீசைக்கும் அதே வேலைதான். அந்த முள்ளு உருண்டை பெண் செடியின் கதிர். காற்றில் உருண்டு உருண்டு விதை போடும். அடம்பன் கணுவுக்குக் கணு வேர் விடும். நுனியைப் பிடித்து இழுத்துப் பார் ரவி, பாதிக் கொடி மணலுக்குள் கிடக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மாவா சொன்னார்கள்?

சுமதி, லிவர்பூல்: அதேதான் மாமி. இங்கே ஆட்கள் மிதித்துப் புல் செத்த இடத்தில் காற்று மணலை வாரிப் பள்ளமாக்கிவிடும். ரிபிள் ஆற்று முகத்துக்கு அந்தப் பக்கம் லிதம் கரையில், நத்தார் முடிந்து தூக்கி வீசுகிற கிறிஸ்துமஸ் மரங்களை மணலில் புதைத்து, பறக்கிற மணலை மறிக்கிறார்கள். போர்ம்பிக் குன்றுகளுக்கு நடுவில் தேங்கும் மழைத்தண்ணீரில்தான் நாட்டர்ஜாக் தேரை முட்டையிடும். முதுகில் மஞ்சள் கோடு. தத்தாது, ஓடும்!

தர்ஷன்: தேரை ஓடுமா?

சுமதி, லிவர்பூல்: ஓமடா, எலி மாதிரி. இரவில் கத்தினால் வெகுதூரம் கேட்கும். குன்று குலைந்தால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

சின்ன மாமி: மார்கழிக் கடல் கரையை அரிக்கிற ஊர் இது. வாடைக்கு முன்னால் கொடியைப் பிடுங்கினால் மணல் எப்படி நிற்கும்?

ரவி அண்ணா: சரி, மண்வெட்டி வேண்டாம். சாக்கும் கையுறையும் போதும். வள்ளம் இறக்கும் இடத்தோடு ஒரு பாதை விட்டு, மற்றப் பக்கம் கயிறு கட்டுவோம். தர்ஷன், கயிறு உன் பொறுப்பு.

சின்ன மாமி: பாதையில் கிடக்கிற மீசை உருண்டைகளை எரிக்க வேண்டாம். கொடி இல்லாத மொட்டை இடத்தில் போடுங்கள். மாரி மழைக்கு முளைக்கும்.