உதவி: கல்லில் பூப் போலக் கோடு, இது என்ன?

கல்தேடி: வன்னியில் கிணறு வெட்டிய இடத்தில் கிடைத்தது. மேலே ஐந்து இதழ்ப் பூப் போலக் கோடு. படம் போட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், நாளைக்கு ஒருவர் விலைக்குக் கேட்டு வருகிறார்.

மாங்குளத்தான்: எந்த ஊர்க் கிணறு? எத்தனை அடியில்? பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியாவது வைத்துப் படம் எடுங்கள், அளவே தெரியவில்லை. அடிப்பக்கம் எங்கே?

வாவிக்கரை: ஆமை ஓடு. சந்தேகமே இல்லை.

தூண்மணி: பழைய கோயில் தூணில் செதுக்கிய தாமரை என்று நினைக்கிறேன்.

பாறையடி: அடிப்படை தெரியாமல் ஆளுக்கொரு கதை. வன்னி கருங்கல் நிலம், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. அந்தச் சூட்டில் எந்த உயிரின் தடமும் மிஞ்சாது. தம்பி, முதலில் கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

பூநகரிப்பிள்ளை: அண்ணை, வவுனியாவுக்கு அது சரி. பூநகரி, மன்னார்ப் பக்கம் யாழ்ப்பாணத்தில் இருக்கிற அதே சுண்ணாம்புக்கல்தான். மயோசீன் காலத்தில், அதாவது ஒன்றிரண்டு கோடி வருடத்துக்கு முன், ஆழம் குறைந்த கடலில் படிந்தது. சிப்பி, முருகை (பவளம்) எல்லாம் அதற்குள் கிடக்கும்.

பாறையடி: ஊரையே அவர் இன்னும் சொல்லவில்லை! டிப்பரில் வந்த கல்லாகவும் இருக்கலாம்.

கல்தேடி: பூநகரிதான். 18 அடியில், வெள்ளைக் கல்லுக்குள். கத்தியால் சுரண்டினால் கோடு இன்னும் தெளிவாகிறது.

பூநகரிப்பிள்ளை: ஐயோ, கத்தியை வையுங்கள்! தண்ணீரும் பழைய பல் தூரிகையும் போதும். எனக்கு இது கடல் முள்ளெலி (sea urchin) என்ற கடல் உயிரின் கல்லாகிப்போன ஓடு போலத் தெரிகிறது. உயிரோடு இருக்கும்போது முள் மூடியிருக்கும், முள் உதிர்ந்தால் ஓட்டில் இந்தப் பூ தெரியும். திருப்பிப் பாருங்கள். நடுவில் வாய்த் துளை, அதை நோக்கி ஐந்து பள்ளம் இருந்தால் அதுவேதான்.

வாவிக்கரை: வினாகிரி ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் உறுதி.

பாறையடி: வெறும் சுண்ணாம்புக்கல்லும் நுரைக்கும். அதனால் எதுவும் உறுதியாகாது, ஓடுதான் அரிக்கும்.

வாவிக்கரை: ஒரு சொட்டில் என்ன அரித்துவிடும்?

பாறையடி: அந்தக் கோடுதான்.

மாங்குளத்தான்: சண்டையை விடுங்கள். தம்பி, ஊர், ஆழம், எந்தக் கல்லுக்குள் இருந்தது, எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதி வையுங்கள். இடம் தெரியாமல் போனால் ஆராய்கிறவர்களுக்கு அது பாதிகூடப் பயன்படாது. விற்க முன்னம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல் துறையில் காட்டுங்கள்.

கல்தேடி: துளை இருக்கிறது, ஐந்து பள்ளமும் இருக்கிறது. விற்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

பாறையடி: சரி. 18 அடி என்பது அளந்ததா, கண்மதிப்பா?