ஒரே தொகை, ஒரே விகிதம்: கட்டணம் மட்டும் பதினோரு மடங்கு ஏன்?

நெய்தல்:
வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மென்பொருள் கையேடுகளை மொழிபெயர்க்கிறேன். வாரம் 40,000 சடோஷி பிட்காயினாக வருகிறது (ஒரு பிட்காயினில் பத்துக் கோடி சடோஷி). 23 வாரங்களில் 9,20,000 சடோஷி சேர்ந்தது. நேற்று முழுவதையும் வேறு முகவரிக்கு அனுப்ப முயன்றேன். பிட்காயினை வைத்திருக்கவும் அனுப்பவும் உதவும் வாலட் செயலி கேட்ட கட்டணம் 48,180 சடோஷி. ஒரு வார ஊதியத்துக்கும் மேல்! சென்ற ஆண்டு ஏறக்குறைய இதே தொகையை அனுப்பியபோது 4,230தான் போனது. இரண்டு முறையும் திரையில் விகிதம் 30 என்றே இருந்தது. வாலட் நிறுவனம் இடையில் எடுத்துக்கொள்கிறதா? அனுப்பாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
நல்ல வேளை, நிறுத்தினீர்கள். சென்ற ஆண்டுப் பணம் உங்களுக்கு ஒரே தவணையில் வந்ததா?

நெய்தல்:
ஆம் ஐயா, ஒரு பெரிய வேலைக்கு மொத்தமாக வந்தது.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் விடை இருக்கிறது. லாரி வாடகை சரக்கின் விலையைப் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தைப் பார்க்கிறது. பிட்காயினும் அப்படித்தான். சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிமாற்றங்களின் ஒரு தொகுப்பு, பதிவாகிறது. அதில் ஏறக்கூடியது ஏறத்தாழ பத்து லட்சம் வி-பைட் (பரிமாற்றம் அடைக்கும் இடத்தின் அளவு). அந்த இடத்துக்குத்தான் போட்டி. திரையில் நீங்கள் பார்த்த விகிதம் 30 என்பது ஒரு வி-பைட்டுக்கு 30 சடோஷி. கட்டணம் பிளாக்கை உருவாக்கும் மைனருக்குப் போகிறது, வாலட் நிறுவனத்துக்கு அல்ல. (பிட்காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தில் வைத்திருப்பவர்கள் கதை வேறு, அங்கே அந்த நிறுவனம் தனியாக ஒரு தொகை பிடிப்பது உண்டு.)

வாலட் காட்டும் 9,20,000 ஒரே குவியல் அல்ல. வந்த 23 தொகைகளும் 23 தனி நாணயங்களாகவே கிடக்கின்றன. செலவழிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் கையொப்பம் வேண்டும். இடத்தைச் சிக்கனப்படுத்தும் செக்விட் வகை முகவரியில் ஒரு நாணயத்துக்குச் சுமார் 68 வி-பைட். 23 நாணயங்களும் பெறும் முகவரியும் சேர்ந்தால் 1,606. அதை 30 ஆல் பெருக்கினால் உங்கள் 48,180 அப்படியே வருகிறது. சென்ற ஆண்டு ஒரே நாணயம், பெறுபவருக்கு ஒன்று, மீதி உங்களுக்கே திரும்ப ஒன்று: 141 வி-பைட், 4,230. யாரும் உங்களை ஏமாற்றவில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறு. விகிதம் 600 ஆனால் உங்கள் 40,000 சடோஷி நாணயம் ஒன்றைச் செலவழிக்கவே 40,800 வேண்டும். நடக்காத காரியம் என்று எண்ண வேண்டாம். 2024 ஏப்ரல் 20 அன்று, மைனர் ஊதியம் பாதியாகக் குறைந்த 8,40,000ஆவது பிளாக்கில், கட்டணம் மட்டுமே 37 பிட்காயினைத் தாண்டியது, அதாவது சராசரி விகிதம் 600ஐப் பல மடங்கு தாண்டியது. வாரக் கூலி வாங்குபவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மாதம் ஒரு முறை மொத்தமாக அனுப்பும்படி வாடிக்கையாளரிடம் கேளுங்கள்.

ஆலமரம்:
அவசரம் இல்லையென்றால் விகிதத்தை நீங்களே குறைத்து வையுங்கள். கட்டணத்தைப் பின்னர் உயர்த்தும் ஆர்பிஎஃப் வசதி வாலட்டில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை 2 வைத்துவிட்டு நான்கு நாள் தூக்கமின்றித் தவித்தேன். பணம் எங்கும் போகவில்லை, வரிசையில் நின்றது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் "விரைவாக முடித்துத் தருகிறோம்" என்று ஒருவர் செய்தி அனுப்பி வாலட்டைத் திறக்கும் மீட்புச் சொற்களைக் கேட்டார். தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: 23 நாணயங்களையும் ஒன்றாகச் சேர்த்தால் அவை அனைத்தும் ஒருவருடையவை என்பது பார்ப்பவர் எவருக்கும் தெரியும்.

நெய்தல்:
அது தெரிவதில் எனக்குச் சிக்கல் இல்லை. ஞாயிறு விடியற்காலை விகிதம் 3க்கு இறங்கியது. 4,818 சடோஷியில் அனுப்பிவிட்டேன், மூன்றாவது பிளாக்கில் ஏறியது. மாத ஊதியத்துக்கு வாடிக்கையாளரும் ஒப்புக்கொண்டார். கணக்கைப் பிரித்துக் காட்டிய ஐயாவுக்கு நன்றி.