கேரவன் சுவரில் கறுப்புக் கோடு: கழுவினாலும் இரண்டே வாரத்தில் திரும்ப வருகிறது, என்ன செய்வது?

கேள்வி (மழைக்காலம்)

இங்கிலாந்தில், காருக்குப் பின்னால் இழுக்கும் வீட்டு வண்டி, 2011 மாடல் கேரவன். பக்கச் சுவர் பெயின்ட் அடித்த அலுமினியம். குளிர்காலம் முழுக்க மரத்தடியில் நின்றது. ஜன்னலுக்குக் கீழேயும் மேல் ஓரத்திலிருந்தும் கறுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. ஷாம்பு போட்டுக் கழுவினால் போகிறது, நாலு மழை பெய்ததும் அதே இடத்தில் மறுபடி வருகிறது. ஜன்னல் ரப்பரில் பச்சைப் பாசி. முன்முகம் வெளுத்து, கையால் தொட்டால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டுகிறது. ஒரு ஜன்னலில் மட்டும் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. பெட்ரோல் பங்க்கில் இருக்கும் பிரஷர் வாஷரில் அடித்தால் எல்லாம் போய்விடுமா?

பதில் (நாலு_சக்கரம்)

மெலமைன் ஸ்பாஞ்ச், அந்த வெள்ளைக் கட்டி இருக்கே, அதை நனைச்சுத் தேய்ங்க சகோ. ஒரு கோடு மிஞ்சாது.

பதில் (ஆனிங்_ரெயில்)

கோடு போகும், கூடவே பளபளப்பும் போகும். அந்த ஸ்பாஞ்ச் உண்மையில் மிக நைசான உப்புத்தாள் மாதிரிதான். தேய்த்த இடம் மங்கிவிடும், மங்கிய இடத்தில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். ஜன்னலில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

கோடு சுவரில் பிறப்பதில்லை, கூரையில் பிறக்கிறது. கூரையில் படிந்த தூசி, இலைச் சாறு, இணைப்புகளை அடைக்கப் பூசிய பழைய சீலன்டிலிருந்து கசியும் பிசுக்கு எல்லாம் மழையோடு சேர்ந்து எப்போதும் ஒரே வழியில் வழிகின்றன. நீங்கள் சுவரை மட்டும் கழுவினால் மேலே இருக்கும் சரக்கு அப்படியே காத்திருக்கிறது. அதனால் கூரையிலிருந்து தொடங்குங்கள். மேலே ஏறி நடக்க வேண்டாம், பலகை அமுங்கும். ஏணியையும் சுவரில் சாய்க்காதீர்கள், அலுமினியத் தகடு நசுங்கிவிடும். தனியாக நிற்கும் மேடை ஏணி, நீட்டிக்கொள்ளும் கம்பில் மென்மையான பிரஷ், இரண்டு பக்கெட் போதும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். பிரஷை முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு பக்கெட்டில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையில் எடுத்த மணலைக் கொண்டுபோய்ச் சுவரில் தேய்ப்பீர்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், மிச்சமிருக்கும் மெழுகையும் அது எடுத்துவிடும்.

கோடு நீக்கும் மருந்து வாங்கினால் கீழிருந்து மேலாக அடியுங்கள். மேலிருந்து அடித்தால் காய்ந்த அழுக்கின் மேல் மருந்து வழிந்து, வழிந்த தடம் வெள்ளைக் கோடாக நின்றுவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஊறட்டும், காய விடாதீர்கள். அலசும்போது மேலிருந்து கீழ். வெயிலில் சூடான தகட்டில் இந்த வேலையே வேண்டாம்.

பதில் (கண்ணாடி_இல்லை)

ஜன்னல் விஷயம் நான் சொல்றேன். அது கண்ணாடி இல்லீங்க, அக்ரிலிக். வீட்டுக் கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே யாராவது அடிச்சிருப்பாங்க. அதுல இருக்கிற ஆல்கஹாலும் அம்மோனியாவும் அக்ரிலிக்குக்கு ஆகாது. வளைச்சுச் செஞ்ச தகடுக்குள்ள ஏற்கெனவே ஒரு இழுவிசை இருக்கும், ஆல்கஹால் பட்டதும் அது மயிரிழையா வெடிச்சு வெளிய வரும். உள்ளே இறங்கின விரிசல் பாலிஷ்ல போகாது, தகடைத்தான் மாத்தணும். மேலாகக் கீறல் மட்டும்னா 1500, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள்) தண்ணியோட வரிசையாப் போட்டு, கடைசில பிளாஸ்டிக் பாலிஷ் போட்டா தெளிஞ்சிடும்.

இனிமே வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு ஷாம்பு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. முதல்ல நிறையத் தண்ணி ஊத்தித் தூசியை இறக்கிட்டு அப்புறம் துணியை வைங்க. காய்ஞ்ச துணியால துடைக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர் (மழைக்காலம்)

ரொம்ப நன்றி. பிரஷர் வாஷர் பற்றி யாரும் சொல்லவில்லையே? முன்முகம் ஃபைபரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாசிக்குப் பிளீச் போடலாமா?

பதில் (ஆனிங்_ரெயில்)

சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் பிரஷர் வாஷர் சரி. சுவருக்கு வேண்டாம். ஜன்னல் ரப்பர், ஸ்டிக்கர் ஓரம், மூலைப் பட்டை இவற்றுக்குள் தண்ணீரைத் திணித்துவிடும். கேஸிலும் ஓடும் ஃப்ரிட்ஜுக்காகச் சுவரில் இருக்கும் காற்றுத் துவாரத்தில் அடித்தால் உள்ளே இருக்கும் கேஸ் பர்னர் நனையும். சாதாரண ஹோஸ் பைப்பில் கழுவினாலும் அந்தத் துவாரத்தின் குளிர்கால மூடியை மாட்டிவிடுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் கழற்றுங்கள்.

பாசிக்குப் பிளீச் தேவையில்லை. அது அலுமினியத்தை அரிக்கும், ரப்பரையும் கெடுக்கும். பென்சால்கோனியம் குளோரைடு உள்ள பாசி மருந்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குக் கலந்து, காய்ந்த நாளில் தெளித்துவிட்டு விடுங்கள். ரப்பர் இடுக்கில் பழைய டூத் பிரஷ் போகும். காய்ந்தபின் ரப்பருக்குச் சிலிக்கான் ஸ்ப்ரே. பெட்ரோலிய எண்ணெய் சேர்ந்த ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

பதில் (பாலிஷ்_பேட்)

முன்பக்கத்துல கேஸ் சிலிண்டர் வைக்கிற பெட்டியின் மூடியைத் திறந்து, மறுபக்கத்தைத் தடவிப் பாருங்க. சொரசொரப்பா, நார் தெரிஞ்சா ஃபைபர்கிளாஸ். ரெண்டு பக்கமும் வழவழன்னு இருந்தா ஏபிஎஸ் பிளாஸ்டிக்.

ஃபைபர்னா கையில ஒட்டுற அந்தப் பொடி வெயில்ல செத்துப்போன ஜெல்கோட், அதாவது ஃபைபர் மேல இருக்கிற பளபளப்புப் பூச்சு. அதை எடுக்காம மேல மெழுகு போட்டா ஒரு மாசம் பளபளக்கும், மறுபடி வெளுக்கும். கழுவிக் காயவெச்சு, ஓரத்துல உள்ளங்கை அளவு இடத்துல சோதிச்சுட்டு, ரப்பிங் காம்பவுண்டை ஃபோம் பேட்ல போட்டு, பாலிஷ் மெஷின் வேகத்தைக் குறைச்சு வெச்சு, அரை மீட்டர் சதுரமா முடிச்சு முடிச்சுப் போங்க. ஒரே இடத்துல நிக்காதீங்க, ஜெல்கோட் மெல்லிசு. ஸ்டிக்கர் ஓரத்துக்குக் கிட்ட மெஷின் போகாம கையால பண்ணுங்க. அப்புறம் மெழுகு, மெல்லிசா ரெண்டு தடவை. ஏபிஎஸ்னா மெஷின் சூடே ஆகாது, முழுக்கக் கையாலதான். தின்னர், ஒயிட் ஸ்பிரிட் பக்கமே போகக்கூடாது.

கேள்வி கேட்டவர் (மழைக்காலம்)

நார் தெரிகிறது, ஃபைபர்தான். கூரையைக் கழுவினேன், பக்கெட் தண்ணீர் தார் மாதிரி ஆகிவிட்டது. ஒரு கோடு மட்டும் ஆனிங் ரெயிலுக்கு (பக்கவாட்டுக் கூடாரத் துணியை மாட்டும் பட்டை) அடியிலிருந்து தொடங்குகிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது.

பதில் (ஆனிங்_ரெயில்)

அது அழுக்கு இல்லை, ரெயிலுக்கு அடியில் வைத்த பியூட்டைல் (ரப்பர் போன்ற பிசின்) சீலன்ட் பிதுங்கி வந்திருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பெயின்ட் அடித்த அலுமினியத்தில் மட்டும், உடனே ஷாம்பு தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பிறகு ரெயிலில் ஸ்க்ரூவை மூடும் ரப்பர் பட்டை சுருங்கியிருக்கிறதா பாருங்கள். சுருங்கியிருந்தால் தண்ணீர் ஸ்க்ரூ வழியாக உள்ளே இறங்கும். அந்த இடத்துக்கு நேர் உள்பக்கச் சுவரில் ஈர மீட்டர் வையுங்கள். 15 சதவீதத்துக்குள் என்றால் பயமில்லை. 20ஐத் தாண்டினால் மெழுகு பாலிஷ் எல்லாம் அப்புறம், முதலில் ரெயிலைக் கழற்றிப் புது சீலன்ட் போடும் வேலை.